சஸ்பென்ஸ் கணக்கு

வங்கியில் கடைசி ஒன்பது வருடம் நான் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தேன். நான் வருகிறேன் என்று தெரிந்தாலே கிளை மேலாளர்களுக்கு முதல்நாள் ராத்திரி சோறு இறங்காது என்று ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பியவனும் நான்தான், வீட்டில், சாப்பாட்டு நேரத்தில். ஆனாலும் ஒரு வித்தை எனக்கு நிஜமாகவே கைவந்திருந்தது. ஒரு பதிவேட்டை அன்றன்றைக்கு எழுதினார்களா, இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றதும் ஒரே மூச்சில் எழுதினார்களா என்று பக்கத்தைப் புரட்டும்போதே சொல்லிவிடுவேன். அன்றன்றைக்கு எழுதியதில் மை மாறும், திங்கட்கிழமைக் கையெழுத்து சனிக்கிழமை இருக்காது, எங்காவது ஒரு டீக்கறை இருக்கும். ஒரே மூச்சில் எழுதியது கல்யாணப் பத்திரிகை மாதிரி அழகாக இருக்கும்.

2011இல் திண்டுக்கல் பக்கம் ஒரு கிளையில் ஜெனரேட்டர் டீசல் பதிவேடு அப்படித்தான் அழகாக இருந்தது. மூன்று மாதம், ஒரே பேனா. கிளார்க்கைக் கூப்பிட்டுக் கேட்டேன். "சார், டீசல் ஊத்துனது நிஜம். எழுதத்தான் விட்டுப்போச்சு" என்றார். நான் சிரித்துவிட்டு ரிப்போர்ட்டில் எழுதினேன். அந்தச் சிரிப்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் அதற்கு வட்டி கட்ட வேண்டியிருக்கிறது.

இனி நாய்.

2003இல் ஹட்ச் செல்போன் விளம்பரத்தில் ஒரு சின்னப் பையன் பின்னாலேயே ஒரு பக் நாய் போகும். அதைப் பார்த்துவிட்டு ஊர் முழுக்கச் சப்பை மூக்கு நாய் வேண்டும் என்று குழந்தைகள் அழுதார்கள். என் மகளுக்கு அப்போது ஏழு வயது. பேங்க் குவார்ட்டர்ஸில் நாய் வளர்க்கக்கூடாது என்று ஒரு பொய் சொல்லித் தப்பித்தேன். அவள் மறக்கவில்லை. வேலைக்குப் போய்ச் சம்பாதித்து, தன் காசில் ஒரு பக் குட்டியை மடிப்பாக்கம் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். வெளிர் பழுப்பு உடம்பு, மூஞ்சி மட்டும் கறுப்பு. அடிப்பிடித்த பணியாரம் மாதிரி இருந்ததால் பெயர் பணியாரம். எட்டு மாதத்தில் மகளுக்குப் புனேயில் வேலை கிடைத்தது. பெட்டி போனது, பணியாரம் தங்கியது. நானும் அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தேன். இரண்டு பேருக்கும் பகலில் வேறு வேலை இல்லை.

அதற்கு இரண்டேகால் வயதானபோது, ஒரு மே மாதம், ஹாலில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. ஊஞ்சலைச் சுற்றி ஒரு சுற்று, இரண்டு சுற்று, பத்து சுற்று. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஊஞ்சலுக்கு நேரே மேலே எங்கள் குலதெய்வப் படம் மாட்டியிருக்கிறது. வீடியோ எடுத்து, 'பணியாரம் பிரதட்சிணம் செய்கிறாள்' என்று குடும்பக் குழுவில் போட்டேன். பதினேழு பேர் கைகூப்பினார்கள். மைத்துனன் மட்டும், "மாமா, அது இடமாச் சுத்துது. அப்பிரதட்சிணம்" என்று எழுதினான். குதர்க்கம் பிடித்தவன் என்று விட்டுவிட்டேன். இத்தனைக்கும் அந்த வீடியோவிலேயே நோயின் விலாசம் இருந்தது. மூளையின் முன்பகுதியில் ஒரு பக்கம் பழுதானால் நாய் பெரும்பாலும் அந்தப் பக்கமாகவே சுற்றும், எதிர்ப்பக்கம் பார்வை மங்கும் என்று பிற்பாடு டாக்டர் விளக்கினார். பணியாரம் இடது பக்கமாகச் சுற்றியது, வலது பக்கம் கதவு நிலையில் இடித்துக்கொண்டது. கண்டுபிடித்தவன் மைத்துனன். இதை அவனிடம் இன்றுவரை சொல்லவில்லை.

அப்புறம் ஸ்டீல் பீரோவில் நெற்றியை முட்டுக்கொடுத்து நிற்க ஆரம்பித்தது. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம், அப்படியே. கத்திரி வெயிலுக்கு பீரோ சில்லென்று இருக்கிறது போலும், நாய்க்கு இருக்கிற புத்தி நமக்கு இல்லையே என்று நானும் ஒரு தடவை நெற்றியை வைத்துப் பார்த்தேன். இப்படிப் பன்னிரண்டு நாள் போக்கினேன்.

பதின்மூன்றாம் நாள் விடிகாலை நாலரைக்கு அதற்கு வலிப்பு வந்தது. பக்கவாட்டில் விழுந்து, நாலு காலும் சைக்கிள் மிதிக்கிற மாதிரி அடிக்க, வாயில் நுரை. நான் என்ன செய்தேன் தெரியுமா? ஓடிப்போய் பீரோச் சாவிக்கொத்தை எடுத்துவந்து அதன் முன்னங்காலில் திணித்தேன். இரும்பு கொடுத்தால் வலிப்பு நிற்கும் என்று சின்ன வயதில் பேருந்து நிலையத்தில் பார்த்தது. நாய்க்குச் சாவியைப் பிடித்துக்கொள்ள விரல் இல்லை என்பது உறைக்கச் சில விநாடி ஆனது. அடுத்து, நாக்கைக் கடித்துக்கொள்ளப் போகிறதே என்று வாய்க்குள் ஆள்காட்டி விரலைவிட்டேன். நாக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. விரலுக்கு ஆனது.

செய்யவேண்டியது ரொம்பக் கொஞ்சம். சுற்றி இருக்கிற நாற்காலியை நகர்த்து, விளக்கை மங்கலாக்கு, வாய்ப் பக்கம் கையைக் கொண்டுபோகாதே, கடிகாரத்தைப் பார். ஐந்து நிமிஷம் தாண்டினாலோ அடுத்தடுத்து வந்தாலோ உடனே தூக்கிக்கொண்டு ஓடு. அவ்வளவுதான். இதில் நாற்காலியை நகர்த்தியவள் என் மனைவி, விளக்கை அணைத்தவளும் அவளே. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அது சாவிக்கொத்தை எங்கே வைத்தோம் என்று தேடும்போது கண்ணில் பட்டது.

காலை ஏழு மணிக்கு டாக்டர் முன்னால் நின்றோம். முப்பது முப்பத்திரண்டு வயதுப் பெண். என் விரலைப் பார்த்தார், நாயைப் பார்த்தார், "வெறிநோய் தடுப்பூசிக் கார்டு எங்கே சார்?" என்றார். ஊரெல்லாம் ரெக்கார்டு கேட்டவன் நான். கார்டு இல்லை. மூளைக் கோளாறோடு ஒரு நாய், தடுப்பூசிக்கு அத்தாட்சி இல்லை, கடிபட்ட மனிதர் எதிரில் நிற்கிறார். அவர் நாயைத் தொடுமுன் என்னை அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். விரல் காயத்தைச் சுற்றியே ஒரு ஊசி போட்டார்கள். விரலில் சதையே கிடையாது என்பதை அன்றுதான் அறிந்தேன். அது போகக் கையில் நான்கு தவணை: இன்று, மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள். சாயங்காலம் மனைவி கார்டைக் கண்டுபிடித்துவிட்டாள். பீரோ ஆடுகிறது என்று ஒரு காலுக்கு அடியில் நாலாக மடித்து வைத்திருந்தேன். பணியாரம் நெற்றியை முட்டி நின்ற அதே பீரோ. எட்டு மாதத்துக்கு முன் ஊசி போட்டதாகத் தெளிவாக எழுதியிருந்தது. என் ஊசிகளைத்தான் முடிக்கும்படி சொல்லிவிட்டார்கள்.

அடுத்த வலிப்பு வந்தால் வீடியோ எடுத்து வாருங்கள் என்று டாக்டர் கேட்டிருந்தார். எது வலிப்பு, எது மயக்கம், எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்க்க அது உதவுமாம். மூன்றாம் நாள் வந்தது. இந்தத் தடவை நான் தயார். ஒரு நிமிஷம் நாற்பது விநாடி, கை நடுங்காமல் எடுத்தேன். டாக்டர் மேஜையில் போனை வைத்து ஓட்டினோம். திரை முழுக்க என் முகம். முன்பக்கக் கேமரா. ஒரு நிமிஷம் நாற்பது விநாடியும் ஒரு வழுக்கைத் தலையர் வாயைக் கோணிக்கொண்டு, "ஐயோ பணியாரம்… முருகா… பணியாரம்…" என்கிறார். டாக்டர் கடைசிவரை பொறுமையாகப் பார்த்தார். "நாய் எங்கே சார்?" என்று மட்டும் கேட்டார்.

ரத்தப் பரிசோதனை நடந்தது. உண்ணிக் காய்ச்சலா, டிஸ்டெம்பரா என்று ஒவ்வொன்றாக விலக்கினார்கள். இவையும் மூளையைத் தாக்கும், வைத்தியம் வேறு. அப்புறம் எம்.ஆர்.ஐ. மனிதர்களுக்கான ஸ்கேன் மையம்தான், கடைசி நோயாளி போன பிறகு ராத்திரி பத்தரைக்கு மேல் எங்களுக்கு நேரம் கொடுத்தார்கள். நாய் அசையாமல் படுக்காதே, முழு மயக்கம் கொடுத்தாக வேண்டும். சப்பை மூக்கு நாய்க்கு மூச்சுப்பாதை ஏற்கெனவே சந்து மாதிரி, அதனால் மயக்கமருந்து கொடுப்பவர் அதன் தலைமாட்டைவிட்டு நகரவே இல்லை. அப்படியே பிடரியில் ஊசி செலுத்தித் தண்டுவட நீரும் எடுத்தார்கள். பில் தொகை 1986இல் நான் வாங்கிய வருடச் சம்பளத்தைவிட அதிகம். படத்தில் மூளையின் இடது முன்பக்கம் வெள்ளையாகத் திட்டுத்திட்டாக இருந்தது. நீரில் வெள்ளணுக்களும் புரதமும் ஏறியிருந்தன. கிருமி ஒன்றும் இல்லை.

"மெனிங்கோ என்செஃபலைட்டிஸ் ஆஃப் அன்நோன் எட்டியாலஜி" என்றார் டாக்டர். மூளையும் அதைச் சுற்றிய உறையும் அழன்றுபோயிருக்கின்றன, காரணம் தெரியாது. கிருமியை அடிக்க வேண்டிய உடம்பின் காவல்படை சொந்த மூளையையே அடிக்கிறது. வேலியே பயிரை மேய்கிற கதை. பக், மால்டீஸ், யார்க்‌ஷயர், சிவாவா மாதிரிச் சின்ன சாதி நாய்களுக்குத்தான் அதிகம். பக்குக்கு வருகிற கொடிய வகை ஒன்றை 1989லேயே அமெரிக்காவில் விரிவாக எழுதிவிட்டார்கள். பரம்பரைக் கூறும் இருக்கிறது. முதல் சில வாரம் தாண்டுவதே கண்டம். தாண்டினால் மாதங்கள், சிலதுக்கு வருடங்கள்.

"இதுல எந்த வகைன்னு உறுதியாச் சொல்லணும்னா மூளைத் திசுவை மைக்ராஸ்கோப்பில பாக்கணும் சார். அது பெரும்பாலும் செத்தப்புறம்தான் முடியும். அதுவரைக்கும் இந்தப் பேருதான்."

எனக்குப் பளிச்சென்று விளங்கியது. வங்கியில் எங்கிருந்து வந்தது, யார் போட்டது என்று தெரியாத பணத்தைத் தற்காலிகமாகப் போட்டுவைக்க ஒரு கணக்கு உண்டு. சஸ்பென்ஸ் கணக்கு. அதில் நீண்ட நாள் கிடக்கும் பதிவுகளைக் கிளறி மேலாளர்களின் உயிரை எடுப்பதுதான் என் உத்தியோகமாக இருந்தது. அந்த அறையில் நோயை முதலில் புரிந்துகொண்டவன் நான்தான் என்று அன்று நினைத்தேன்.

வைத்தியம் மூன்று முனை. அழற்சியை அடக்க பிரட்னிசலோன் என்கிற ஸ்டீராய்டு, காலை இரவு. வலிப்புக்கு லெவெட்டிராசெட்டம், எட்டு மணிக்கொரு தடவை. காலை 6, பகல் 2, இரவு 10. மூன்றாவது, சைட்டராபின் ஊசி. மனிதர்களின் ரத்தப் புற்றுக்குக் கொடுப்பது. கரீபியன் கடலில் கிடைத்த ஒரு கடற்பஞ்சிலிருந்து பிறந்த யோசனையாம். ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைய விடாத ஒரு தடுப்பு இருக்கிறதே, அதைத் தாண்டிப் போகும் என்பதால் இதற்கு மரியாதை. பன்னிரண்டு மணிக்கொன்றாக நான்கு ஊசி, இரண்டு நாளில். மூன்று வாரம் கழித்து மறுபடியும். நடுவில் வெள்ளணு குறைந்துவிட்டதா என்று ரத்தம் பார்க்க வேண்டும்.

இந்த மருந்தை எடைக்குக் கணக்குப் போட மாட்டார்கள், உடம்பின் மேல்பரப்புக்குத்தான். டாக்டர் ஒரு அட்டவணையைப் பார்த்து, "எட்டு கிலோ… 0.4 சதுர மீட்டர். அப்போ ஒரு ஊசிக்கு 20 மில்லிகிராம்" என்றார். மடிப்பாக்கத்துக்காரனுக்கு மீட்டர் புரியாது. மனசுக்குள் மாற்றிப் பார்த்தேன்: நாலேகால் சதுர அடி. எங்கள் தெரு விலைக்கு நல்ல தொகை வந்தது. அதை வாய்விட்டும் சொன்னேன். மனைவி என் காலை மிதித்தாள்.

ஊசி போட்ட நாட்களில் அதன் மூத்திரத்திலும் மருந்து வரும், கையுறை போட்டுத்தான் துடைக்க வேண்டும், கர்ப்பிணிகள் கிட்டே வரக்கூடாது என்றார்கள். நான் ஹேர் டை டப்பாவில் வருகிற மெல்லிசு பிளாஸ்டிக் உறைகளை மாட்டிக்கொண்டேன். நான்காவது துடைப்பில் இரண்டும் கிழிந்தன. வழுக்கைத் தலையன் வீட்டில் ஹேர் டை எதற்கு என்று கேட்பீர்கள். மீசைக்கு.

ஸ்டீராய்டு ஆரம்பித்த ஒரு வாரத்தில் சுற்றல் நின்றது. பீரோவை முட்டுவதும் நின்றது. அதற்குப் பதிலாகத் தாகமும் பசியும் வந்தன. கிண்ணம் கிண்ணமாகக் குடித்து ஹால் முழுக்க ஏரி கட்டியது. ராத்திரி ஐந்து தடவை துடைத்து அலுத்துப்போய், ஒரு நாள் படுக்கப் போகும் முன் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துப் பரணில் வைத்தேன். செய்யவே கூடாத காரியம். அந்த மருந்து தண்ணீரை வெளியே தள்ளுகிறது, குடிக்காவிட்டால் உடம்பு வற்றிவிடும். காலையில் பார்த்தால் பால்கனியில் ஏ.சி. குழாய்க்குக் கீழே வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தது, சொட்டுச் சொட்டாகப் பிடித்துக்கொண்டு. அது என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன்.

ஜூலைக்குள் வயிறு குடமாகத் தொங்கியது, இதுவும் ஸ்டீராய்டின் கைங்கரியம். தெருவில் நடத்திப் போனால், "மாசமா இருக்கா?" என்றார்கள். மூளை அழற்சி என்று சொன்னால் வெறியா, ஒட்டுமா, கொசுவாலயா என்று முழு வகுப்பு எடுக்க வேண்டும். ஒட்டாது, கொசுவும் இல்லை, ஆனால் யார் நம்புவார்கள்? சோம்பல்பட்டு ஒரு நாள், "ஆமாங்க" என்று சொல்லிவிட்டேன். மறுநாளிலிருந்து தெருவே அதற்குச் சீமந்தம் செய்தது. மூன்றாவது வீட்டுக்காரர் பெண் குட்டி ஒன்று தனக்கென்று ஐந்நூறு ரூபாயை என் சட்டைப் பையில் திணித்துவிட்டுப் போனார். இரண்டு மாதம் தாண்டியதும் நான் கோயில் தெரு வழியாகச் சுற்றிப் போக ஆரம்பித்தேன். அந்த ஐந்நூறு இன்னமும் ஒரு கவரில் இருக்கிறது. அதுவும் சஸ்பென்ஸ்தான்.

இப்போது மாத்திரை. இதுதான் முக்கியமான இடம், இவ்வளவு நேரம் சுற்றி வளைத்ததே இதைத் தள்ளிப்போடத்தான்.

இரண்டு மாத்திரையுமே கசப்பு. தயிர்ச்சோற்றில் வைத்தேன், இட்லியில் வைத்தேன், பெயர்ப் பொருத்தம் பார்த்துப் பணியாரத்திலும் வைத்தேன். கட்டுக்குள் இருக்கிற கள்ளநோட்டை கேஷியர் விரல்நுனியிலேயே பிடித்துத் தனியே எடுத்து வைப்பாரே, அந்த மாதிரி நாக்காலேயே மாத்திரையைப் பிரித்து, நக்கிப் பளபளப்பாக்கி ஓரமாக வைத்துவிடும். வாயைத் திறந்து நாக்கின் அடிவாரத்தில் வைத்து, மூடி, தொண்டையைத் தடவிக் கொடுங்கள் என்று டாக்டர் செய்து காட்டினார். என் மனைவிக்கு மூன்றே நாளில் வந்துவிட்டது. எனக்கு, கடிபட்ட விரல் தானாகவே பின்வாங்கும். விழுங்கிவிட்டதா என்று உற்றுப் பார்க்காமல், விழுங்கியிருக்கும் என்று எழுந்துவிடுவேன். பகல் இரண்டு மணித் தவணை என் பொறுப்பு. மனைவி அந்த நேரத்தில் தையல் வகுப்புக்குப் போய்விடுவாள். இரண்டு மணிதான் எனக்கும் ஊஞ்சல் தூக்கம். அலாரம் அடிக்கும், அணைப்பேன், இதோ எழுந்திருக்கிறேன் என்று நினைப்பேன். கண் திறந்தால் நாலரை. ஐந்தரை மணி நேரத்தில் அடுத்தது வரப்போகிறது, இப்போது கொடுத்து எதற்குக் குழப்பம் என்று மாத்திரையைத் திரும்ப டப்பாவில் போட்டுவிடுவேன்.

டாக்டர் ஒரு நோட்டு போடச் சொல்லியிருந்தார். மாத்திரை கொடுத்த நேரம், வலிப்பு வந்த நாள், எவ்வளவு நிமிஷம், தண்ணீர், எடை. முதல் பத்து நாள் எழுதினேன். அப்புறம் டாக்டரிடம் போகிற தேதிக்கு முதல்நாள் ராத்திரி உட்கார்ந்து மொத்தமாக எழுதினேன். நீல ஜெல் பேனா. ஒவ்வொரு நாளும் 6.00, 2.00, 10.00. ஒவ்வொரு நாளும் தண்ணீர் 700 மில்லி. எடை மட்டும் இயற்கையாக இருக்கட்டும் என்று ஐம்பது கிராம் முன்னே பின்னே போட்டேன். அந்தக் கலை எனக்கு எங்கிருந்து வந்தது? ஒன்பது வருடம் பிடித்தவனுக்குச் செய்யவும் தெரியும்.

ஆகஸ்டில் இரண்டு வலிப்பு வந்தது. இது மட்டும் நோட்டில் உண்மை. டாக்டர் புரட்டிப் பார்த்தார். மாத்திரை ஒன்றுகூடத் தவறவில்லை, இருந்தும் வலிப்பு வருகிறது. நல்ல மருத்துவர் என்ன முடிவுக்கு வருவார்? இந்த மருந்து போதவில்லை. ஃபீனோபார்பிட்டோன் சேர்த்தார். அதைக் கொடுத்த மூன்றாம் நாள் பணியாரம், ராத்திரி கடை மூடிய பிறகு வீடு திரும்புகிற குடிகாரன் மாதிரி நடந்தது. பின்னங்கால்கள் ஒன்றை ஒன்று மிதித்தன. ஊஞ்சலில் ஏறப் பார்த்துச் சரிந்து விழுந்தது. உட்கார்ந்தபடியே தூங்கி, தூங்கியபடியே சாய்ந்தது. ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும், இரண்டு வாரத்தில் பழகிவிடும் என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். எனக்குத்தான் தெரியும், அந்தத் தள்ளாட்டம் என் நீலப் பேனாவால் வந்தது என்று. தெரிந்தும் சும்மா இருந்தேன். சொல்ல நினைத்து இரண்டு தடவை சமையலறை வாசல்வரை போய், "காபி இருக்கா?" என்று கேட்டுத் திரும்பினேன்.

பிள்ளையார் சதுர்த்திக்கு வீடு கழுவ சோபாவை நகர்த்தினார்கள். அடியில் பதினான்கு மாத்திரை. சில பளபளவென்று, சில பாதி கரைந்து, ஒன்றில் எறும்பு. மனைவி என்னை ஒன்றும் கேட்கவில்லை. அன்று பணியாரம் நைவேத்தியத்துக்கு முன்னாலேயே ஒன்பது கொழுக்கட்டை தின்றதற்குக்கூட அவள் சத்தம் போடவில்லை என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மாத்திரைகளை ஒரு ஜிப் கவரில் போட்டு எடுத்து வைத்துக்கொண்டாள்.

அடுத்த முறை டாக்டரிடம் நான் நோட்டை நீட்டினேன். அதன்மேல் அவள் அந்தக் கவரை வைத்தாள்.

டாக்டர் மாத்திரைகளை மேஜையில் கொட்டி, பேனா முனையால் இரண்டு குவியலாகப் பிரித்தார். "இது ஃபிட்ஸ் மாத்திரை, ஒம்பது. இது ஸ்டீராய்டு, அஞ்சு." அப்புறம் என்னைப் பார்த்தார். "எந்தெந்தத் தேதி சார்?"

என் வாய் தானாகத் திறந்தது. "டாக்டர், மாத்திரை கொடுத்தது நிஜம். எழுதத்தான்…"

திண்டுக்கல் கிளார்க்கின் குரல் அப்படியே என் தொண்டையிலிருந்து வந்தது. பாதியில் நிறுத்திக்கொண்டேன். டாக்டர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சரிக்குச் சரி ஆகியிருக்கும். நோட்டை ஒரு பக்கம்கூடத் திறக்காமல் மூடியபடியே என் பக்கம் தள்ளினார். "ரெண்டு மாசம் இதை வெச்சுதான் சார் நான் டோஸ் முடிவு பண்ணிட்டிருந்தேன்" என்றார். ஸ்டீராய்டு திடீர் திடீரென்று விட்டுப்போனால், உடம்பு தானாகச் சுரக்க மறந்திருக்கும் நேரத்தில் சரிந்துவிடும், இதுவரை ஆகாதது அதிர்ஷ்டம் என்றார். புது மருந்தையும் சட்டென்று நிறுத்த முடியாது, வாரக்கணக்கில் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். நான் சேர்த்துவிட்டதை அவர் கழிக்க வாரங்கள் ஆகின.

அன்றிலிருந்து புது நோட்டு. என் மனைவி ஒவ்வொரு பதிவுக்கும் பக்கத்தில் சுருக்கொப்பம் போட வேண்டும் என்று ஏற்பாடு. வங்கியில் இதை மேக்கர், செக்கர் என்போம். நான் மேக்கர். இரண்டு மணித் தவணைக்கு அவள் தையல் வகுப்பின் நேரத்தை மாற்றிக்கொள்ளவில்லை. மாற்றுகிறேன் என்றும் சொல்லவில்லை.

புது நோட்டில் பொய் இல்லை, புத்தியும் இல்லை. டிசம்பரில் ஸ்டீராய்டைக் குறைக்கும் கட்டம் வந்தது. ஒரு அட்டவணை எழுதிக்கொடுத்தார்: இந்த வாரம் இவ்வளவு, அடுத்த மாதம் இவ்வளவு, கடைசி வரியில் 'ஈ.ஓ.டி.' வங்கிக்காரனுக்கு ஈ.ஓ.டி. என்றால் ஒன்றே ஒன்றுதான், 'எண்ட் ஆஃப் டே', நாள் முடிவில் கணக்கை மூடுவது. நான் தினமும் நாள் முடிவில் ஒரு மாத்திரை கொடுத்தேன், எழுதினேன், மனைவி சுருக்கொப்பமும் போட்டாள். இரண்டு வாரம் கழித்து டாக்டர் நோட்டைப் புரட்டி, "தினமுமா குடுத்தீங்க?" என்றார். ஈ.ஓ.டி. என்றால் மருத்துவர்களுக்கு ஒன்று விட்டு ஒரு நாள். "நல்லவேளை, எழுதியிருந்தீங்க" என்று அவர் சொன்னதை நான் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். வேறு பாராட்டு அந்த வருடம் வரவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அடுத்த மே மாதம் மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். வெள்ளைத் திட்டுகள் பெரும்பாலும் மங்கியிருந்தன. "ரெமிஷன்னு சொல்லலாம். குணம்னு சொல்ல மாட்டேன், அடங்கியிருக்கு" என்றார் டாக்டர். அந்தச் சந்தோஷத்தில் வெளியே வந்ததும் வராததுமாக மகளுக்குத் தமிழில் தட்டினேன்: 'பணியாரத்துக்கு அடக்கம் ஆகிவிட்டது.' போனைப் பையில் போட்டுவிட்டு ஆட்டோ தேடப் போனேன். நாயோடு ஏற்றிக்கொள்ள மூன்று ஆட்டோக்காரர்கள் மறுத்தார்கள், நான்காமவர் ஒப்புக்கொண்டார். வீட்டுக்கு வந்து பார்த்தால் பதினோரு தவறிய அழைப்பு. எடுத்துப் பேசியும் அவள் நம்பவில்லை, அம்மாவும் அப்பாவும் சேர்ந்து தன்னைத் தேற்றப் பொய் சொல்வதாக நினைத்தாள். ராத்திரி விமானத்தில் புனேயிலிருந்து வந்து இறங்கினாள். அடக்கமான பணியாரம் வாசலில் அவள் செருப்பைக் கடித்தது. மகள் என்னோடு நாலு நாள் பேசவில்லை.

இப்போது அதற்கு மூன்றே முக்கால் வயது. சைட்டராபின் ஆறு வாரத்துக்கு ஒரு தடவை என்று தள்ளியிருக்கிறது. வலப்பக்கப் பார்வை முழுக்கத் திரும்பவில்லை, சுவரோரமாகவே நடக்கிறது. பீரோ இப்போது ஆடுகிறது. காலுக்கு அடியில் வைக்க வேறு ஒன்றும் அகப்படவில்லை.

நேற்றைய பதிவை அப்படியே எழுதுகிறேன். மை கறுப்பு, ஓரத்தில் டீக்கறை இருக்கிறது.

'காலை 6.00 – கொடுத்தேன். விழுங்கியதைப் பார்த்தேன். பகல் 2.00 – கொடுக்கவில்லை. தூங்கிவிட்டேன். 3.20க்கு அது வந்து காலை நக்கி எழுப்பியது. 3.25க்குக் கொடுத்தேன். முதலில் துப்பியது, இரண்டாம் தடவை விழுங்கியது. இரவு 10.00 – கொடுத்தேன். தண்ணீர் அளக்கவில்லை.'

பக்கத்தில் மனைவியின் சுருக்கொப்பம். அதன்கீழ் சிவப்பு மையில், '3.25 இல்லை, 3.40.'